நாலு லட்சத்துக்குள் நல்ல கார்: பழைய வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது

கையில் 4 லட்சம் ரூபாய் இருந்தால் 4 லட்சத்துக்கு வண்டி தேடாதீர்கள். 3 லட்சத்து 40 ஆயிரத்துக்குள் தேடுங்கள். மிச்சம் 60 ஆயிரம், வண்டி வாசலுக்கு வந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் எப்படியும் செலவாகிவிடும். 13, 14 அங்குல டயர் ஒன்று சுமார் 3,500 முதல் 5,000 ரூபாய்; நான்கையும் மாற்றினால் 14 ஆயிரத்துக்குக் குறையாது. பேட்டரி 4,000 முதல் 6,000. ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றி முழு சர்வீஸ் செய்ய 6,000 முதல் 8,000. இன்சூரன்ஸும் பெயர் மாற்றமும் சேர்ந்தால் இன்னொரு 15 ஆயிரம். கிளட்ச் தேய்ந்திருந்தால் அதற்கு 8,000 முதல் 12,000 தனி. இந்தக் கணக்கைப் போடாமல் முழுப் பணத்தையும் விற்கிறவர் கையில் கொடுத்துவிட்டால், மொட்டை டயரோடும் தேய்ந்த பிரேக் பேடோடும் ஒரு வருடம் ஓட்ட வேண்டியிருக்கும். குறைந்த விலைக்கு வாங்கிய நல்ல வண்டிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

தேடத் தொடங்கும் முன் அதே மாடலின் புது வண்டி இன்று ஆன்-ரோடு (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) என்ன விலை என்று ஷோரூமில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தது. புது வண்டி விலை இறங்கிய பிறகும், தான் வாங்கிய பழைய விலையை வைத்தே பேரம் பேசுகிற ஓனர்கள் நிறைய. அவர் அன்று கொடுத்த விலைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. இன்றைய ஆன்-ரோடு விலையிலிருந்து கீழே இறங்கித்தான் பேச வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட சின்ன கார் ஒன்று புது விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால், கொஞ்சம் கடன் சேர்த்துப் புது வண்டியே எடுத்துவிடலாம்.

எந்த வண்டி, எந்த வருடம்

மாதம் 1,000 கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு மேனுவல் கியர் உள்ள சின்ன பெட்ரோல் கார்தான் சரி. டீசல் லிட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் மைலேஜைப் பார்த்து ஆசைப்பட்டால், பழைய டீசலின் இன்ஜெக்டரும் டர்போவும் ஒரே ரிப்பேரில் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் உண்டு. தினமும் நாலு கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினால் அந்த ஃபில்டர் சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். ஏ.எம்.டி. கியர் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக மாறும் கியர்) எடுப்பதானால் எடுக்கலாம், ஆனால் கிளட்சையும் கியர் மாற்றும் ஆக்சுவேட்டரையும் கம்பெனி சர்வீஸில் பார்த்துவிட்டு எடுங்கள். இந்த பட்ஜெட்டில் டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கி கியர்) வண்டி வேண்டவே வேண்டாம்.

வருடத்தைப் பொறுத்தவரை 2019 நடுப்பகுதி ஒரு நல்ல எல்லைக்கோடு. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் (அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்) கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டி என்றால் பேஸ் மாடலைத் தவிர்த்துவிட்டு, இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வேரியன்ட்டையே தேடுங்கள். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் டியாகோ 2020-ல் 4 நட்சத்திரம் வாங்கியது. இரண்டு ஏர்பேக் உள்ள எட்டியோஸ் 2016-லேயே 4 வாங்கியது. 2019-ல் சோதித்த வேகன்-ஆருக்கு 2, 2020-ல் எஸ்-பிரெஸ்ஸோவுக்குப் பூஜ்யம். இவையெல்லாம் பழைய வண்டிச் சந்தையில் பக்கத்துப் பக்கத்து விலையில் கிடைக்கிறவை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற வண்டி என்றால் இந்த வித்தியாசத்துக்காக 20 ஆயிரம் கூடக் கொடுப்பது நியாயம்தான்.

சந்தையை விட்டுப் போன கம்பெனிகளின் வண்டி மலிவாகக் கிடைக்கும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரில் கார் தயாரிப்பு அடுத்த ஆண்டோடு முடிந்தது. ஃபிகோவும் ஆஸ்பயரும் கட்டுமானத்தில் உறுதியான வண்டிகள், கையாளவும் அருமையாக இருக்கும். உங்கள் ஊரில் அந்த வண்டியை அடிக்கடி பிரித்துப் பார்க்கிற மெக்கானிக் இருந்தால் தைரியமாக எடுங்கள். ஒரு ஹெட்லைட்டுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டிய ஊர் என்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

வண்டியைப் போய்ப் பார்க்கும் முன் ஆர்.சி.யின் (பதிவுச் சான்றின்) இரு பக்கப் படத்தையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் போகவே வேண்டாம். எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், பதிவு தேதி, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதங்களைப் பாருங்கள். இதில் கவனிக்க வேண்டியவை:

• தயாரித்த மாதமும் பதிவு செய்த மாதமும் ஒன்றல்ல. 2018 நவம்பரில் தயாரித்து 2019 ஏப்ரலில் பதிவான வண்டியை விற்கிறவர் ‘2019 மாடல்’ என்பார். விலை 2018-க்குத்தான்.

• ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன்) என்று வங்கிப் பெயர் இருந்தால் கடன் முடிந்ததா, வங்கியின் தடையின்மைச் சான்று கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘கடன் முடிஞ்சிருச்சு, ஹெச்.பி. மட்டும் எடுக்கல’ என்ற பேச்சு போதாது; சான்று வேண்டும்.

• முன்பு மஞ்சள் போர்டில் ஓடி வெள்ளை போர்டாக மாறிய வண்டி என்றால் மீட்டர் காட்டும் ஓட்டத்தை நம்பாதீர்கள்.

• தனியார் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 13 வயது வண்டி எடுத்தால் இரண்டு வருடத்தில் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

• டெல்லி, கர்நாடகா பதிவு வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையின்மைச் சான்று, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப மறுபடி ஆயுள்வரி, மறுபதிவு என்று கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போகும். புதுச்சேரி பதிவுக்கும் இதே கதைதான்: 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

அடுத்து சர்வீஸ் வரலாறு. பதிவெண்ணைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரின் கணினியில் ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். ஓனரையே கேட்டு வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். 2021-ல் 58,000 என்று பதிவான வண்டி இன்று 49,000 காட்டினால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வரலாறு முழுதாக இருக்கிற, 80,000 கிலோமீட்டர் ஓடிய சிங்கிள் ஓனர் வண்டியை, வரலாறே இல்லாத 35,000 கிலோமீட்டர் வண்டிக்கு மேலாகவே வைக்க வேண்டும். நல்ல ஆயிலில் ஒழுங்காக ஓடிய சின்ன பெட்ரோல் எஞ்சினுக்கு 80,000 ஒரு பொருட்டே இல்லை.

பாடி: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

எஞ்சினில் என்ன கெட்டாலும் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். அடிபட்டு வளைந்த சட்டகத்தை நேராக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முதலில் பாடி. பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். நனைந்த வண்டியில், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டியும் பெயின்ட் வித்தியாசமும் தெரியாது.

பேனட்டைத் திறந்து, கீல்களிலும் இரண்டு பக்க ஃபெண்டரிலும் உள்ள போல்ட் தலைகளைப் பாருங்கள். கம்பெனியில் பூட்டிய போல்ட் மீது பெயின்ட் முழுதாக இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் முனைகளில் பெயின்ட் உரிந்திருக்கும். ஃபெண்டர் மாற்றியதாலேயே வண்டி மோசம் என்றில்லை. ஊருக்குள் ஓடினால் அதெல்லாம் சகஜம். அதற்கு உள்ளே இருக்கும் ஏப்ரன் என்ற உள்தகடும், ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் இடமும்தான் முக்கியம். இடது வலது இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தகடு சேரும் இடத்தில் பூசிய சீலன்ட் ஒரு பக்கம் சீராகவும் மறுபக்கம் விரலால் தடவியது போலவும் இருந்தால் அந்தப் பக்கம் டிங்கரிங் நடந்திருக்கிறது.

பிறகு நான்கு கதவுகளிலும் ரப்பர் பீடிங்கை ஒரு அடி நீளத்துக்குப் பிடித்து இழுத்துக் கழற்றுங்கள். கழற்றியபடியே திரும்பப் பொருந்திவிடும். உள்ளே தகட்டின் விளிம்பில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருக்கும். அதுதான் கம்பெனியின் ஸ்பாட் வெல்டிங். குழிகள் மறைந்து தகடு வழவழவென்று இருந்தாலோ, கையால் பற்றவைத்த மேடு பள்ளம் தெரிந்தாலோ, அந்தத் தூண் வெட்டி மாற்றப்பட்டது. விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் கீழே உள்ள பள்ளத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். பின்னால் வாங்கிய அடி அங்கேதான் தெரியும்.

பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் இரண்டு மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, தெரிந்த மெக்கானிக்கிடம் இரவலும் வாங்கலாம். கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். 200, 300 என்றால் மறுபெயின்ட். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. கதவிலும் ஃபெண்டரிலும் மறுபெயின்ட் இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம். கூரையிலும் தூண்களிலும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கண்ணாடிகளின் ஓரத்தில் உள்ள வருடக் குறியையும் ஒப்பிடுங்கள். முன் கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் கல் பட்டிருக்கலாம். பக்கக் கண்ணாடி ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் அந்தப் பக்கக் கதவைக் கூர்ந்து பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தமிழ்நாட்டில் தனிக் கவலை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம் என்று நீரில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுதாக, கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தின் போல்ட்களைத் தடவிப் பாருங்கள். அங்கே செந்துரு ஏற வேறு காரணம் அநேகமாக இல்லை. ஏழு வருட வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். நீரில் மூழ்கிய வண்டி அன்றைக்கு நன்றாகவே ஓடும். ஒயரிங் கனெக்டர்களுக்குள் பச்சைக் களிம்பு பிடித்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு சென்சாராக மக்கர் பண்ணும்போதுதான் தெரியும்.

எஞ்சின்

‘நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பேனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். நோயுள்ள எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் தன் குறையைக் காட்டும்.

ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் போல வெளுத்த பசை இருக்கிறதா? கூலன்ட் ஆயிலில் கலந்து, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கூலன்ட் டப்பாவில் நிறமான கூலன்ட்டுக்குப் பதிலாகத் துருநிறத் தண்ணீர் இருந்தால் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்ப்புக்கும் செலவு காத்திருக்கிறது.

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். மீட்டரில் எஞ்சின், ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எல்லாம் எரிந்து, பிறகு ஒவ்வொன்றாக அணைய வேண்டும். எரிந்தபடியே இருப்பதைவிட, ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்பது மோசம். ஒருமுறை வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் பிடுங்கியிருப்பார்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் புகைக்குழாய்ப் பக்கம் நிற்கட்டும். குளிரில் லேசான நீராவி பரவாயில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் எரிகிறது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. புளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி போனில் கோளாறு எண்களைப் படிக்கலாம். கோளாறு எதுவும் இல்லை, ஆனால் சோதனைகள் பலவும் ‘முடியவில்லை’ என்று காட்டினால், நேற்றோ இன்று காலையோ யாரோ அழித்துவிட்டு வைத்திருக்கிறார்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். மீட்டர் 30,000 காட்டுகிறது, ஆனால் நான்கு டயரும் வண்டிக்கு மூன்று வருடம் இளையவை, அவையும் தேய்ந்திருக்கின்றன என்றால் கணக்கு உதைக்கிறது. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரின் கோடுகளும் ஓட்டத்தைச் சொல்லும்.

ஓட்டிப் பார்ப்பது

தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. குறைந்தது 15 கிலோமீட்டர், வேகத்தடையும் மேம்பாலமும் நெடுஞ்சாலையும் உள்ள வழியில் போங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு. நின்ற இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே இழுத்து அணைந்தால் கிளட்ச் நன்று. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடித்தால் ‘டக் டக்’ சத்தம் வரக் கூடாது. வந்தால் ஆக்சில் ஜாயின்ட். வேகத்தடையில் ‘தொம்’ என்ற சத்தம் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஷாக் அப்சார்பர். பின்னால் யாருமில்லாத சாலையில் 50-ல் போய் அழுத்திப் பிரேக் பிடியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. திரும்பி வந்ததும் ஏ.சி.யைப் போட்டபடி பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். நிற்கும்போது குளிர்ச்சி குறைந்து, எஞ்சின் வெப்பம் ஏறினால் ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் தேறினால், 1,000 முதல் 2,000 ரூபாய் கொடுத்து உங்கள் மெக்கானிக்கை வைத்து லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். விற்கிறவரோ கன்சல்டிங்காரரோ (பழைய கார் தரகரோ) சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

விலை, பணம், பேப்பர்

பேரத்தில் ‘கொஞ்சம் பார்த்துக் கொடுங்க’ என்று தொடங்காதீர்கள். கண்ட குறைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவையும் ஒரு தாளில் எழுதி, கூட்டி, முன்னால் வையுங்கள். டயர் 16,000, இரண்டாவது சாவி இல்லை, இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது என்று எழுத்தில் பார்க்கும்போது ஓனரும் நியாயமாகத்தான் பேசுவார். அட்வான்ஸ் 5,000-க்கு மேல் கொடுக்க வேண்டாம்; பேப்பரில் சிக்கல் இருந்தால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

மொத்தப் பணத்தையும் வங்கி வழியாக அனுப்புங்கள். ஒருவர் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை ஓனர் கணக்குக்கு அனுப்பாமல் நேரே கடன் கணக்கில் கட்டுங்கள். பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்தான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஹெச்.பி. இருந்தால் அதை நீக்கும் படிவம் 35-ம் வங்கிச் சான்றும், ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரண்டு சாவிகள், ஓனரின் ஆதார், பான் நகல் ஆகியவை கைக்கு வந்த பிறகே முழுத் தொகை. சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தேதி மட்டுமல்லாமல் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

பெயர் மாற்றத்தை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள். மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அதனால் நல்ல ஓனரே உங்களை விரட்டி மாற்றச் சொல்வார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும், ஆனால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான பகுதி விண்ணப்பித்தால்தான் வரும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஃபாஸ்டேக்கை அவர் மூடிய பிறகு உங்கள் பெயரில் புதிது வாங்கி ஒட்டுங்கள்.

போன மாதம்தான் ஆயில் மாற்றினேன் என்று ஓனர் சொன்னாலும், முதல் வாரத்திலேயே ஆயிலையும் எல்லா ஃபில்டரையும் மாற்றி, அன்றைய கிலோமீட்டரை எழுதி வையுங்கள். அடுத்த 3,000 கிலோமீட்டர் வரை, 500-க்கு ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சியை) எடுத்துப் பாருங்கள். அளவு நகராமல் இருந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்குள் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் வால்வு சீலையும் பிஸ்டன் ரிங்கையும் சோதிக்கச் சொல்லி உடனே மெக்கானிக்கிடம் விடுங்கள்.